ஓரம் போதும்

வியாழக்கிழமை, இரவு.

வலது கால் பெருவிரல் நகம் சதைக்குள் இறங்கி இரண்டு மாதமாகிறது. தொழுகையில் மடங்கி உட்காரும் இருப்பில் அந்த விரலை மடிக்க முடியவில்லை. வாவிக்கரைப் பள்ளிவாசலில் வயசாளிகளோடு கதிரையில் உட்கார்ந்து தொழுகிறேன். நாற்பத்தொரு வயதில்!

இன்று ஆசுபத்திரியில் டொக்டர் இரண்டு வழி சொன்னார். "முழு நகத்தையும் கழட்டலாம். ஆனா புது நகம் வளரக்குள்ள திரும்பவும் குத்தக்கூடும். ஓரத்த மட்டும் வெட்டியெடுத்து வேருக்கு மருந்து வெச்சா, அந்தப் பக்கம் அநேகமா முளைக்காது. புண் ஆறத்தான் கொஞ்சம் கூட நாள் எடுக்கும்."

முழு நகமும் போனால்தான் தொல்லை தீரும் என்று நினைத்துப் போயிருந்தேன். ஓரம் போதும் என்றேன். திங்கட்கிழமை வரச் சொன்னார்.

நகத்தை எப்படி வெட்டுவீர்கள் என்று கேட்டார். வெள்ளிதோறும் ஜும்ஆத் தொழுகைக்கு முன் மூலையைத் தோண்டித் தோண்டி வெட்டுவேன் என்று பெருமையாகச் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணனை அழைப்பதுபோல் காக்கா என்றே அழைத்துச் சொன்னார்.

"வெள்ளிக்கிழமையே வெட்டுங்க காக்கா. மூலைய மட்டும் உட்டுட்டு நேரா வெட்டுங்க."

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். "அப்ப நோன்பு வாறதுக்குள்ள கதிரைய உட்டு இறங்கிருவீங்க," என்றாள். இன்ஷா அல்லாஹ்.

நாளை வெள்ளி. ஒன்பது கால்நகங்களை நேராக வெட்டுவேன். பத்தாவது டொக்டருக்கு.