துண்டை மடிக்காமல் நடித்தது

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. என் வலது முழங்காலைத் தவிர இங்கே எல்லோரும் நலம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் அதைவிட நலமாக இருக்க வேண்டும். உன் அண்ணன் எனக்கு மாடி அறையை ஒழித்துக் கொடுத்திருக்கிறான், படி ஏற முடியவில்லை என்றால் 'போன மாசம் சினிமாவுல மலையே ஏறினீங்களேப்பா' என்கிறான், அது எனக்குப் பதிலாக ஏறின ஆள் என்று எத்தனை தடவை சொன்னாலும் சிரிக்கிறான். பல் டாக்டர் இரண்டு பல்லைப் பிடுங்கிவிட்டார், ஒரு விதத்தில் சௌகரியம், கிழவன் வேஷத்துக்கு இனி பல்லில் கறுப்புப் பூச வேண்டாம்.

நான் மேடை ஏறி ஐம்பது வருஷம் ஆகிவிட்டதாம், நாடகக் குழுவில் சொன்னார்கள். நீதிபதி, திருடன், வாத்தியார், பைத்தியம், பெண் வேஷம்கூட இரண்டு, சினிமாவில் பதினொரு தடவை செத்திருக்கிறேன், அதில் இரண்டு தடவை ஒரே வாரத்தில். ஆனால் தெருவில் போனால் 'உங்களை எங்கேயோ பார்த்திருக்கேனே, பேங்க்ல இருந்தீங்களா' என்றுதான் கேட்கிறார்கள். வேஷத்துக்குள் ஆள் தெரியாமல் போவதைத் திறமை என்கிறார்கள். உனக்குத் தெரியும், அதில் என் சொந்தச் சரக்கு ஒன்றுமில்லை. நீதிபதியின் இருமல் உன் பெரியப்பாவுடையது, திருடனின் நடை நம் தையல்காரருடையது. அந்த மனுஷன் டிக்கெட் வாங்கி வந்து பார்த்துவிட்டு 'யாருய்யா இப்படி நடப்பான்' என்று வயிறு குலுங்கச் சிரித்துவிட்டுப் போனார். யாரும் கண்டுபிடித்ததே இல்லை, அந்தத் தைரியம்தான் என்னைக் கெடுத்தது.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அம்மா போன அன்று மருத்துவமனை வராந்தாவில் டாக்டர் வந்து சொன்னதும் நீ அழவில்லை, கையிலிருந்த அவள் துண்டை மடித்தாய், பிரித்தாய், மறுபடி மடித்தாய், நர்ஸிடம் 'இதை எங்க வைக்கணும்' என்று கேட்டாய். எட்டு மாதம் கழித்து அதை அப்படியே மேடையில் செய்தேன், மனைவியை இழந்த தபால்காரர் வேஷம். அரங்கமே எழுந்து நின்று கை தட்டியது, மூன்றாவது வரிசையில் நீ மட்டும் எழுந்திருக்கவில்லை. மறுநாள் விமானம் ஏறினவள்தான், இரண்டு வருஷமாக 'நலம்' என்று ஒரு வரி வருகிறது. உன்னைக் குறை சொல்லவில்லை. உன்னை ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும், கேட்கத் தோன்றவே இல்லை. நல்ல காட்சி என்று மட்டும்தான் தோன்றியது.

போன ஞாயிற்றுக்கிழமை மாலை ஐம்பது வருஷ விழாவுக்கு அதே நாடகத்தைப் போட்டோம். துண்டு வேண்டாம் என்று ஒத்திகையிலேயே சொன்னேன். இயக்குநர் தலையில் கை வைத்துக்கொண்டார், 'சார், ஜனம் அதுக்குத்தானே வருது, வெறுங்கையோட நின்னு என்ன பண்ணுவீங்க' என்றார். என்னுடையதைச் செய்கிறேன் என்று ஜம்பமாகச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து யோசித்தால், என்னுடையது என்று ஒன்றுமே வரவில்லை. அன்று நான் என்னதான் செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை கண்ணு, உன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பத்தெட்டு வருஷம் கூட இருந்தவள் உள்ளே கிடக்கிறாள், நான் உன் கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

மேடையில் சும்மா நின்றேன். ஒரு கைதட்டல் இல்லை. மேக்கப்காரர், நீங்கள் பவுடர் மாமா என்பீர்களே அவர்தான், முகத்தைத் துடைத்துவிட்டபடி 'வயசாயிடுச்சுண்ணே, விடுங்க' என்றார், பத்திரிகையிலும் ஏறக்குறைய அதையேதான் எழுதியிருக்கிறார்கள். மறுநாள் காலை சட்டைக்குப் பொத்தான் போடும்போது அம்மா ஞாபகம் வந்து அழுதேன். எவ்வளவு நேரம் அழுதேன், உதடு என்ன செய்தது, கை எங்கே இருந்தது, கேட்டால் சொல்லத் தெரியாது, கவனிக்கவில்லை. அண்ணி கதவைத் தட்டின பிறகுதான் சட்டையைப் போட்டுக்கொண்டு கீழே போனேன்.

நீங்கள் எல்லோரும் நோய்நொடியில்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும், பேரப்பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் போடு, மறந்துவிடாதே. விடுமுறைக்கு வந்துவிட்டுப் போ கண்ணு. நீ என் முன்னால் அழலாம், சண்டை போடலாம், நான் அதை எங்கேயும் எடுத்துக்கொண்டு போக மாட்டேன்.

உன் வரவை எதிர்பார்க்கும்,
அப்பா