கண்ணாடியில் இருந்த நீலம்

2018 ஜூலை 3, செவ்வாய்

அப்பா படகு எஞ்சின் துடைக்கிற துணியின் ஓரத்தில் நீலம் பட்டிருந்தது. எங்கள் வீட்டில் நீலச் சாயம் எதுவும் இல்லை. கொடியில் கிடந்ததைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பிறகுதான் கிணற்றடிக்குப் பின்னால் ஓடினேன். களப்புத் தண்ணீரைப் பார்த்தபடி அண்ணா நீலம் பூசிச் சட்டத்தில் அடுக்கி வைத்த கண்ணாடித் துண்டுகள் எல்லாம் வெறும் கண்ணாடியாக இருந்தன.

அப்பா வலை காயப்போட்டுக்கொண்டு நின்றார். "உப்புப் பிடிச்சுக் கிடந்தது பிள்ளை. மண்ணெண்ணெய் தொட்டுத் துடைச்சு விட்டனான். என்ன ஊத்தை, அப்பிடியே வந்திட்டுது." சந்தோசமாகச் சொன்னார். எஞ்சினில் உப்புப் படிந்தால் அவர் செய்வது அதுதான்.

அது ஊத்தை இல்லை, அண்ணா பூசினது என்று சொன்னேன். அப்பாவின் கை வலையில் அப்படியே நின்றது.

ஜூலை 4

அண்ணாவுக்குப் போன் எடுத்து "நீலம் போயிட்டுது" என்றேன். அப்பா பக்கத்துக் கதிரையில் இருந்தார். அவர் சொல்லுவார் என்று நினைத்தேன்.

"துடைச்சியா?" என்று அண்ணா கேட்டார். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா எழும்பிப் படகடிக்குப் போய்விட்டார்.

"உன்னட்டை ஒரே ஒரு வேலைதானே மது தந்தனான். கை வைக்காதே, ஒவ்வொரு நாளும் படம் எடுத்து அனுப்பு. உப்புக் காத்தில எத்தனை நாளைக்கு நிக்குதெண்டு பார்க்கத்தானே மூடாமல் வைச்சனான். இதுவும் ஏலாது. இவ படிக்கப் போறாவாம்."

அந்தக் கடைசி வசனம்.

கத்தரினா ரீச்சர் பள்ளிக்கூடத்தை விட்ட பிள்ளைகளுக்குக் கணக்கும் விஞ்ஞானமும் சொல்லிக்கொடுக்கிறா. அங்கே என்னை அனுப்பச் சொல்லி அப்பாவிடம் கதைப்பதாக அண்ணா வாக்குத் தந்திருந்தார். நான் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக ஓ.எல் பரீட்சை எடுக்கலாம். இனி எங்கே கதைப்பார்?

நானும் வாயைத் திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை?

ஜூலை 5

அப்பா அண்ணாவுக்கு இன்னும் சொல்லவில்லை. மீன்குழம்பு நல்லாயிருக்கு என்றார்.

ஜூலை 8, ஞாயிறு

மாதா கோயில் பூசையில் முழந்தாளில் நின்றபோதும் கோபம் போகவில்லை. அண்ணா கொழும்புக் கம்பஸுக்குப் படிக்கப் போன பிறகு, அவரோடு போனில் கதைப்பதென்றாலும் அப்பா மேலுக்குச் சேட்டுப் போட்டுக்கொண்டுதான் கதைக்கிறார். மகனுக்கு முன்னால் ஒன்றும் தெரியாத ஆளாக நிற்க வெட்கம். அதற்காக நான் நிற்க வேணுமா?

அந்த நீலம் மின்சாரம் போகிற பிளாஸ்ரிக். குறைகடத்தி என்று அண்ணா சொன்னார். சங்கிலி சங்கிலியாக இருக்குமாம். சும்மா விட்டால் எண்ணெய் தடவாத இடியப்பம் மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும், எதிலும் கரையாது. அதனால் சங்கிலிக்குப் பக்கத்தில் வால்கள் வைத்திருக்கிறார். வால் இருந்தால் கரையும். கரைந்தால் மை மாதிரிப் பூசலாம். வால் கூடிப்போனால் மின்சாரம் ஒரு சங்கிலியிலிருந்து மற்றதுக்குத் தாவாது. அந்த அளவைப் பிடிக்கத்தான் இவ்வளவு காலம் போனதாம்.

"வாலுக்குள்ளால கரண்ட் போகாதா அண்ணா?" என்று அன்றைக்குக் கேட்டேன்.

"போகாது. அது கரையிறதுக்கு மட்டும்தான்."

அம்மா குவைத்துக்கு வேலைக்குப் போனபோது, சமைக்க ஆள் இல்லையென்று என்னை ஒன்பதாம் வகுப்போடு நிறுத்தினார்கள். அண்ணா படிக்கிறார். அப்பா கடலுக்குப் போகிறார். நான் — நான் அந்த வால்.

ஜூலை 13

சோளகக் காற்று. வீடு முழுக்க மணல். கூட்டினேன், திரும்பவும் மணல். இந்த வீட்டில் யாரோடும் கதைக்கப் பிடிக்கவில்லை.

ஜூலை 21, சனி

மத்தியானம் அண்ணா கொழும்பிலிருந்து புதுக் கண்ணாடித் துண்டுகளோடு வந்தார். சாப்பிடும்போது பெட்டியை என்னிடம் நீட்டினார். "இந்த முறையும் தொட்டியெண்டால் பார்."

நான் வாங்கவில்லை.

"அப்பாட்டைக் குடுங்கோ."

"என்ன?"

"அப்பாட்டைக் குடுங்கோ. துடைச்சது அவர். மண்ணெண்ணெயில."

என்னுடைய குரல்தான். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு, "உப்பெண்டு நினைச்சிட்டன் தம்பி" என்றார்.

அண்ணா கத்தப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கை கழுவாமலே எழும்பினார். "மண்ணெண்ணெயா? சூடாக்காமலா? முழுக்க வந்ததா?"

"ஒரு இழுப்பில வந்தது."

அண்ணா சிரிக்கத் தொடங்கினார். நச்சுக் கரைப்பான் இல்லாமல், சாதாரண எண்ணெயிலும் கரையவேண்டும் என்றுதானாம் அந்த வாலை நீட்டினது. ஆய்வுகூடத்தில் சூடாக்கித்தான் கரைத்துப் பார்த்தார்களாம். "அப்பா, நீங்கள் எங்கட லாபுக்கு வாங்கோ" என்றார். அப்பாவும் சிரித்தார். அவர் முகம் அப்படி மலர்ந்து நான் கண்டு எவ்வளவு நாள்.

என்னிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு சொல்லும் இல்லை. நான் கோப்பைகளை எடுத்துக்கொண்டு போனேன்.

ஜூலை 22, ஞாயிறு

அண்ணா பஸ்ஸுக்குப் போகும்போது வாசல் படலையடியில் கேட்டேன். "அப்பாட்டைக் கதைச்சீங்களா?"

"என்னத்தைப் பற்றி?"

"ரீச்சரிட்டை என்னை அனுப்புறதைப் பற்றி."

"ஓ, அதுவா. அடுத்த முறை வரேக்க, மது. இது முடியட்டும்."

மறந்திட்டான். என்னை ஏசேக்க மட்டும் ஞாபகம் வந்ததே. படிக்கப் போறாவாம் எண்டு சொல்லேக்க ஞாபகம் வந்ததே.

ஜூலை 24, செவ்வாய்

இப்போது அப்பாதான் கண்ணாடியைப் படம் எடுத்து அனுப்புகிறார். படத்தில் அவருடைய பெருவிரலும் விழுகிறது. அண்ணா அதற்கும் சிரித்தாராம்.

பத்து மணிக்கு அரிசியைக் களைந்தேன். அடுப்பில் வைக்கவில்லை. சட்டியை மூடிவிட்டு, சட்டை மாற்றி, சைக்கிளை எடுத்தேன். கத்தரினா ரீச்சரின் கேற் பூட்டியிருந்தது. உள்ளே பிள்ளைகளின் சத்தம் கேட்டது. நான் வெளியே நின்று ரீச்சரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். ஒருவரும் வரவில்லை. இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன்.