ஷாண்டன் கோபுரத்தில் வைத்த பந்தயம்

கார்க்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் டெர்வ்லாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. பெர்த் வெயிலில் நீயும் குழந்தைகளும் கருகாமல் நலமாயிருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன்.

உன் அண்ணன் கோர்மக் போன வாரம் டப்ளினிலிருந்து வந்தான், கல்யாணமானதிலிருந்து நம் ஊரையே பார்க்காத அஷ்லிங்குக்குச் சுற்றிக் காட்டப் போகிறானாம். எனக்கா தெரியாது? வீட்டை விற்று என்னைக் கையோடு கூட்டிப்போகத்தான் வந்தான், நீயும் அதற்குத் தலையாட்டியிருக்கிறாய். சந்தையில் மீன் வாங்கும்போதும் அதே பேச்சு, லீ ஆற்றுப் பாலத்தில் நின்று அஷ்லிங் அன்னங்களைப் படம் பிடிக்கும்போதும் அதே பேச்சு. "நம்ம வீட்டு மாடிப்படியில நீ தனியா எப்படிம்மா ஏறி இறங்குவே?" என்றான். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. எதிரே தெரிந்த ஷாண்டன் தேவாலய மணிக்கோபுரத்தைக் காட்டி, "அதோட உச்சிவரைக்கும் ஏறிட்டு, அந்தக் கடிகாரத்துல மூணேகால் ஆகறதுக்குள்ள கீழே வந்து நிக்கறேன். வந்துட்டா வீட்டைப் பத்தி யாரும் வாயைத் திறக்கக் கூடாது. வரலேன்னா நாளைக்கே பெட்டியோட வரேன்" என்றேன்.

ஏறிவிட்டேனடி. கோர்மக் கீழேயே நின்றுகொண்டான், உயரமென்றால் அவனுக்கு ஆகாதே. அஷ்லிங், வருகிறவர்கள் இழுத்துப் பாட்டு வாசிக்கும் மணிக்கயிறுகள் இருக்கும் தட்டில் நின்று, அட்டையில் போட்டிருந்த எண்களைப் பார்த்துப் பார்த்து இழுத்தாள், அது என்ன பாட்டு என்று ஊரே குழம்பியிருக்கும். நான் மட்டும் உச்சிக்குப் போனேன். அங்கிருந்து நம் வீட்டுக் கூரை தெரிந்ததும் அழுகை வந்துவிட்டது. இதை விட்டு நான் எங்கேயும் போகமாட்டேன் என்று வாய்விட்டே சொன்னேன். இறங்கும்போதுதான் வினை. குறுகலான ஒரு திருப்பத்தில் முழங்கால் பிடித்துக்கொண்டது, அப்படியே உட்கார்ந்துவிட்டேன், பயந்தும் போனேன். அஷ்லிங் தேடிக்கொண்டு மேலே வந்து, எனக்கு முன்னால் என் முகத்தைப் பார்த்தபடி பின்புறமாகவே படியிறங்கி, "தோளைப் பிடிச்சுக்குங்க அத்தை. அவர்கிட்ட மூச்சு விடமாட்டேன்" என்றாள். நல்ல பெண்.

வெளியே வந்தால் கோர்மக் தலைக்கு மேலிருந்த கடிகாரத்தைக் காட்டி, "மூணேகால் தாண்டிடுச்சும்மா" என்கிறான். கையைப் பிடித்துக் கோபுரத்தின் அடுத்த பக்கத்துக்கு இழுத்துப் போனேன். அங்கே இன்னும் மூன்றேகால் ஆகவில்லை. நான்கு முகமும் நான்கு பொய் சொல்கிறது என்று ஊரே காலங்காலமாகத் திட்டுகிற கடிகாரமாயிற்றே! "எந்தப் பக்கம்னு முதல்லயே கேட்டிருக்கணும்டா, சுத்த டப்ளின்காரனாவே ஆயிட்டே" என்றேன். தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்தான்.

ஆகவே வீடு விற்பனைக்கு இல்லை, நீயும் இனி அதைப் பற்றி எழுதாதே. குழந்தைகளைத் தொப்பி இல்லாமல் வெளியே விடாதே. ஆண்டவர் உங்கள் எல்லோரையும் காக்கட்டும்.

அன்று மாலையே என் கட்டிலைக் கீழே முன்னறையில் போடச் சொல்லிவிட்டேன். எதற்கு என்று கோர்மக் கேட்டதற்கு, தெருவை வேடிக்கை பார்க்க என்றேன். உண்மை உனக்கும் அஷ்லிங்குக்கும் தெரிந்தால் போதும். கிறிஸ்துமஸுக்குக் கட்டாயம் வா. மாடி முழுக்க உனக்குத்தான், நான் இனி ஏறமாட்டேன்.

உன் பிடிவாதக்கார அம்மா,
ஃபிலமினா