கிண்ணத்தைத் தொட்டுப் பார்த்தால் போதாது

சிதம்பரம்
12.8.2010

அன்பு மகள் இசைவாணிக்கு அம்மா எழுதுவது. நடராஜர் புண்ணியத்தில் நானும் அப்பாவும் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அந்த மெல்பர்ன் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும். போனில் பேசினோமே, கடிதம் எதற்கு என்பாய். போனில் எதைச் சொன்னாலும் சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுகிறாய், காகிதத்தில் இருந்தால் திரும்பப் படிப்பாய். வேலைக்குப் போகும் அவசரத்தில் குட்டிக்குப் பருப்பு சாதத்தை மைக்ரோவேவில் சூடு பண்ணி ஊட்டுகிறேன் என்று நீ சொன்னதிலிருந்து எனக்கு மனசு சரியில்லை.

பொங்கலுக்கு வந்தபோது நீ வாங்கி வைத்த மைக்ரோவேவில்தான் அப்பாவுக்குக் கஞ்சி சூடு பண்ணுகிறேன். பக்கவாதம் வந்ததிலிருந்து அவருக்குப் பேச்சு குழறுகிறது, உனக்குத் தெரியும். போன வாரம் கேழ்வரகுக் கஞ்சியை எடுத்ததும் கிண்ணத்தைத் தொட்டேன், வெதுவெதுப்புதான். அடுப்பில் பாத்திரம் சுட்ட பிறகுதானே உள்ளே சுடும், அந்தப் பழக்கம். நாக்கில் வைத்துப் பார்த்திருக்கலாம், ஆனால் எச்சில் பண்ணக்கூடாது என்று உப்பைக்கூட வாசனையில் பார்க்கிறவள் நான். ஊட்டினேன், அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. உன்னை நினைத்து அழுகிறார் என்று துடைத்துவிட்டு இன்னொரு கரண்டி கொடுத்தேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்ட பிறகுதான் பார்த்தேன், வாய்க்குள் மேல்பக்கம் வெந்து சிவந்திருந்தது. டாக்டர் மருந்து கொடுத்தார், புண் ஆறியது, ஆனால் மனுஷர் அதற்குப் பிறகு கரண்டியைக் கண்டாலே வாயை இறுக்கிக்கொண்டார். மோர் மட்டும்தான் இறங்கியது. இப்படியே போனால் மூக்கில் குழாய் போட வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அந்தப் பெட்டியைத் தூக்கி வெளியே வைக்கத்தான் போனேன். உன் சித்தப்பா பொன்னுரங்கம்தான், பொட்டி மேல ஏன் அண்ணி கோவப்படறீங்க, அது எப்புடி சூடு பண்ணுதுன்னு பாருங்க என்றார். சரியென்று தட்டு முழுக்கப் பச்சை அப்பளத்தைப் பரப்பி ஓடவிட்டேன். ஒன்று கருகிவிட்டது, பக்கத்தில் இருந்தது பச்சையாகவே கிடந்தது, இன்னொன்று பாதி மட்டும் பொரிந்திருந்தது. தட்டு சுற்றும்போதே இந்த லட்சணம். உள்ளே எல்லா இடத்திலும் சூடு ஒன்றுபோல விழுவதில்லை, கிண்ணம் ஆறியிருக்கும், கஞ்சி அங்கங்கே கொதிக்கும். அதனால் சாதத்தைக் குவித்து வைக்காதே, வளையமாகப் பரப்பி நடுவில் குழி விடு. தண்ணீர் தெளித்து, ஆவி போக இடம்விட்டு மூடு, சூட்டைக் குறைத்து வை, பாதியில் நிறுத்திக் கிளறு. எடுத்ததும் ஊட்டாதே, கொஞ்சம் பொறுத்து அடிவரை மறுபடி கிளறு. சில்வர் கிண்ணம் உள்ளே போகவே கூடாது.

நேற்று அப்படித்தான் செய்து கொண்டுபோனேன், அப்போதும் அவர் வாயைத் திறக்கவில்லை. என் கையை என் பக்கமே தள்ளி, "நீ மொதல்ல" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் சாப்பிடாமல் நான் ஒரு பருக்கை வாயில் வைத்ததில்லை. எச்சிலாவது ஒன்றாவது என்று அவர் கண்முன்னால் ஒரு வாய் சாப்பிட்டேன். அப்புறம் கிண்ணம் காலியாகும்வரை சாப்பிட்டார். சூடு பார்க்கச் சொன்னாரா, நீ சாப்பிட்டாயா என்று கேட்டாரா எனக்குத் தெரியவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, அது போகட்டும்.

குட்டிக்கும் இன்னும் பேச்சு வரவில்லை. சுட்டால் அழத்தான் தெரியும், தூக்கத்துக்கு அழுகிறது என்று நீ நினைத்துக்கொள்வாய். மூன்று பேரும் நோய்நொடியில்லாமல் நீடூழி வாழ வேண்டும், மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். ஒன்றை மட்டும் மறக்காதே, வேறு கரண்டியில் நீ முதலில் ஒரு வாய் சாப்பிடு, அப்புறம் பிள்ளைக்கு ஊட்டு.

இப்படிக்கு,
உன் அம்மா
அமிர்தம் மணவாளன்