ஞாயிறன்று நான் அழைக்காத காரணம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நடந்ததை ஒன்றுவிடாமல் உண்மையாக எழுதுகிறேன். நான் நலம். உங்கள் முதுகுவலி குறைந்ததா?

ஞாயிறன்று என் வீடியோ அழைப்புக்காக வெகுநேரம் காத்திருந்திருப்பீர்கள். விடுதியின் லினக்ஸ் கணினியில் இணையமே வரவில்லை. வார்டன் அக்கா கேபிளைக்கூட மாற்றிப் பார்த்தார். திரையில் நானே ‘இணை’ என்பதை அழுத்தினால் வரும் என்று மறுநாள்தான் கண்டுபிடித்தேன். அணைத்துப் போட்டால் மறுபடி போய்விடும்.

கடைசியில் பார்த்தால், அமைப்புகளில் ‘தானாக இணை’ என்பதற்கு எதிரே டிக் இல்லை. என்ன ஆகுமென்று பார்க்க, போன வாரம் அந்த டிக்கை எடுத்தவள் நானேதான். ஒப்புக்கொண்டேன். “என்னைக் கேபிளோட மல்லுக்கட்ட விட்டியேடி!” என்று அக்கா சிரித்துக்கொண்டே குட்டினார்.

டிக்கைப் போட்டு மூன்று முறை அணைத்துப் பார்த்துவிட்டேன். தானாகவே வருகிறது. இந்த ஞாயிறு போனைச் சற்றுத் தள்ளி வையுங்கள். போன தடவை உங்கள் நெற்றி மட்டும்தான் தெரிந்தது; எனக்கு முழு முகமும் வேண்டும். அம்மாவும் பக்கத்தில் இருக்கட்டும்.

விடுதியில் விளக்கை அணைத்துவிட்டார்கள்; இத்துடன் முடிக்கிறேன்.