எந்த நேரத்து நகலை எழுப்புவது

அன்பு மகள் ரோஸ்விக்கு,

கடவுள் புண்ணியத்தில் அப்பா நன்றாக இருக்கிறேன், நீயும் அந்தக் குளிர் தேசத்தில் நன்றாக இருக்க வேண்டும். என் நலத்தை முதல் வரியிலேயே எழுதிவிட்டேன், ஏனென்றால் புயலுக்குப் பிறகு அந்தச் செய்தி உனக்கு நாலு நாள் தாமதமாக வந்தது. கம்ப்யூட்டர் அறையிலதானே உட்கார்ந்திருந்தே, உன் பேரை ஒரு வரி போட முடியலையா என்று அழுதுவிட்டுப் போனை வைத்தாய். அதன் பிறகு நான் கூப்பிட்டால் எடுப்பதில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

புயலில் கூரைத் தகரம் ரெண்டு பறந்துபோயிற்று, உன் அம்மா நட்ட கலமான்சி எலுமிச்சை சாய்ந்துவிட்டது, நிமிர்த்திக் கட்டியிருக்கிறேன், பிழைத்துக்கொள்ளும் போலிருக்கிறது. அவள் போன பிறகு ஒரு ஆளுக்கு உலை வைக்கும் அளவு எனக்கு இன்னும் கைவரவில்லை, தினமும் சோறு மிஞ்சுகிறது, பக்கத்து வீட்டு நாய் கொழுத்துவிட்டது. கரண்ட் வந்தும் டிவி போடுவதில்லை, அணைத்த பிறகு வீடு இன்னும் வெறிச்சென்று ஆகிவிடுகிறது.

நடந்ததைச் சொல்கிறேன், கேள். முகாம்களில் தங்கியவர்களின் பேர்ப் பட்டியல் எங்கள் அலுவலக சர்வரில்தான் இருந்தது. வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் எல்லாம் அதில்தான் தேடுவீர்கள். அதன் நகல் நிமிஷத்துக்கு நிமிஷம் செபு நகரத்திலிருக்கும் சர்வருக்குப் போய்க்கொண்டே இருக்கும். இங்கே வெள்ளம் புகுந்து எல்லாம் செத்ததும் அங்கே இருப்பதை எழுப்ப வேண்டும், எழுப்பும்போது எந்த நேரத்து நகல் வேண்டும் என்று அது கேட்கும். ஒன்று தயாராக இருந்தது, உடனே திறந்துவிடலாம், ஆனால் தபுனான் ஊர்க்காரர்கள் வருவதற்கு முன்னால் எடுத்தது. அவர்கள்தான் சண்டைச் சேவலை விட்டு வரமாட்டோம் என்று அடம்பிடித்து, கடல் முற்றத்துக்கு வந்த பிறகு ஆளுக்கொரு சேவலை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடிவந்தார்களே, அவர்கள் பேர் ஒன்றும் அதில் கிடையாது. இன்னொன்றில் லைன் அறுந்த நொடி வரைக்கும் எல்லாரும் உண்டு, ஆனால் வந்து விழுந்ததை எல்லாம் கோத்து எடுக்க அரை நாளாவது ஆகும். ஒன்றை எழுப்பி உறுதி செய்துவிட்டால் மற்றது அழிந்துபோகும்.

எங்கள் பொறியாளர் விலார்மினோ, சின்ன வயசுக்காரர், பாவம், மேலிடத்துப் பேச்சைக் கேட்டுக் கேட்டுக் காது புண்ணாகி நின்றார். முதல்ல திறங்க அண்ணே, விட்டுப்போனவங்களை ரோடு சரியானதும் சேர்த்துக்கலாம், நாடே காறித் துப்புது என்றார். நான் மாட்டேன் என்றேன். பட்டியல் திறக்கலேன்னா நம்மளைத் திட்டுவாங்க தம்பி, திறந்த பட்டியல்ல பேர் இல்லேன்னா தலையில அடிச்சுக்கிட்டு அழுவாங்க, துபாய்ல ஒருத்தி தன் அப்பன் பேரைத் தேடுறான்னு வெச்சுக்கோங்க என்றேன். சரி, உங்க இஷ்டம், தலை போனா சேர்ந்தே போகட்டும் என்றார். காத்திருந்து எழுப்பினோம். தபுனான்காரர்கள் பேர் ஒன்றுகூட விட்டுப்போகவில்லை, ரோஸ்வி. அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது.

முகாமுக்குப் போகாமல் அலுவலகத்திலேயே தங்கிவிட்ட எங்கள் பேரையெல்லாம் ஜெஸ்மில் அப்புறம் சேர்த்தாள், எனக்குக் கீழே வேலை பார்க்கிற பெண். சார், உங்களதும் போடட்டுமா என்றாள். என்னை யாரும்மா தேடப்போறாங்க, போய்த் தூங்கு என்றேன். அதைச் சொல்லும்போது உன் நினைப்பு வந்தது. நைட் டூட்டி பார்த்துவிட்டுத் தூங்குவாய், இந்தப் பக்கத்துச் செய்தியெல்லாம் பார்க்கவா போகிறாய் என்று நினைத்தேன். மாதத்துக்கு ஒரு போன், அதிலும் பாதி நேரம் வேலை இருக்குப்பா என்பாய், அந்தக் குறையில் வந்த பேச்சு அது. வேற்று வீட்டுப் பெண்ணுக்காக மல்லுக்கட்டியவன் என் வீட்டுப் பெண்ணை மறந்தேன். அவ்வளவுதான் நடந்தது, சமாதானம் சொல்ல ஒன்றுமில்லை.

உன் சித்தி நேற்று வந்து மீதியையும் சொன்னாள். நீ அங்கே எனக்கு, செத்தவர்களுக்குச் செய்கிற ஒன்பது நாள் ஜெபம் ஆரம்பித்து, கூட வேலை செய்யும் நம்மூர் நர்சுகளையெல்லாம் கூப்பிட்டு உட்காரவைத்து, பன்சித் நூடுல்ஸ் சமைத்துப் போட்டு, என் படத்துக்கு மெழுகுவத்தி ஏற்றினாயாம். ஒரு அப்பன் இதை மகளுக்கு எழுதக்கூடாது, இருந்தாலும் எழுதுகிறேன். சித்தி கிளம்பிப் போன பிறகு வாசல்படியில் உட்கார்ந்து நான் அழுதது துக்கத்தில் இல்லை, சந்தோஷத்தில். உன் அம்மா போனதிலிருந்து, நான் போனால் யாருக்குத் தெரியப்போகிறது என்றுதான் இருந்தேன்.

கழுத்தை மூடிக்கொண்டு வெளியே போ, வெறும் ரொட்டியோடு நிறுத்திவிடாதே. கர்த்தரும் உன் அம்மாவும் உன்னைக் காக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கூப்பிடுவேன், எடுத்துவிடு. பேச மனசு வராவிட்டால் திட்டு, முழுசாகத் திட்டி முடிக்கும்வரை வைக்கமாட்டேன்.

உன் அப்பா,
தியோடுலோ