தோட்டாவில் ஒரு குங்குமப் பொட்டு

என் பிடிவாதக்கார நைனாவுக்கு, உன் மகளின் ஆசை முத்தம்.

முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துப் பேசினால் உனக்குப் பிடிக்காது. நைனா, நீ விடுதலை! நேற்றுப் பகல் ஜட்ஜ் அம்மா தன் வாயாலேயே சொன்னார். தோட்டாவை நீ கழற்றித்தான் வைத்திருந்தாய். மறக்கவே இல்லை. காதில் விழுகிறதா?

உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் ஊரில் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். இன்றைக்கு என் முறை. நடுவில் வந்து திருத்தாமல் கேள்.

பட்டாளத்தில் பதினெட்டு வருஷம் இருந்துவிட்டு வந்து, பட்டுக் கடை ஒன்றில் உன் லைசென்ஸ் துப்பாக்கியோடு காவலுக்கு உட்கார்ந்தாய். ஒற்றைக் குழல் துப்பாக்கி, உள்ளே ஒரே ஒரு தோட்டா. ஆயுத பூஜை அன்று கடையில் முழக்கோல், கத்தரிக்கோல், பில் போடும் மெஷின் எல்லாவற்றையும் வரிசையாக வைக்கும்போது அதற்கும் ஓர் இடம் உண்டு. நீ தோட்டாவைக் கழற்றி வாழை இலையில் தனியாக வைப்பாய். புடவை எடுத்துக் காட்டும் ஏகாம்பரம் மாமா எல்லாவற்றுக்கும் சந்தனம் தடவிக் குங்குமம் வைப்பார். பூஜை முடிந்ததும் தோட்டாவைச் சுத்தமாகத் துடைத்துத்தான் நீ திரும்ப உள்ளே போடுவாய். வருஷா வருஷம் நடப்பதுதான்.

அந்த வருஷமும் பூஜை நன்றாகத்தான் முடிந்தது. எல்லோரும் பொரிக்குக் கையை நீட்டிக்கொண்டிருந்தார்கள். துப்பாக்கியில் சுற்றியிருந்த சாமந்தி மாலையை நீ உருவினாய். மாலையின் நார் துப்பாக்கிக் குதிரையில் சிக்கி இழுத்தது. காலி என்று நீ நினைத்த துப்பாக்கி வெடித்தது. எதிரே நின்ற டேவிட் அண்ணனின் காலில் தோட்டாவின் ஈயச் சல்லிகள் பாய்ந்தன. பாவம், ஏனாத்தூரிலிருந்து சைக்கிள் மிதித்து வந்து கடையில் பார்சல் கட்டுகிற மனிதர். பொரி வாங்க வந்தவர் ஆஸ்பத்திரிக்குப் போனார்.

'கிழவன் தோட்டாவை எடுக்க மறந்துட்டான்.' ஊர் இப்படித்தான் பேசியது. போலீசும் அதையே எழுதியது, கடையும் அதையே சொன்னது. முதல் வாரம் நீ நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "எடுத்தேன்" என்றாய். ஆறு மாதம் கழித்து, "எடுத்த மாதிரிதான் இருக்குது" என்றாய். கேஸ் விசாரணைக்கு வந்தபோது, "எடுத்தேனாம்மா?" என்று என்னையே கேட்டாய். எனக்கு அழுகையாக வந்தது நைனா. ஜெயிலுக்கு நீ பயப்படவில்லை. உன் புத்தியே உன்னை ஏமாற்றிவிட்டதோ என்றுதான் பயந்தாய்.

டேவிட் அண்ணன் தாங்கித் தாங்கி நடந்து நம் வீட்டுக்கே வந்தாரே, நினைவிருக்கிறதா? "மாமா, வேணும்னா சுட்ட? ராஜியாப் போயிடலாம். நானே கோர்ட்ல சொல்றேன்" என்றார். நீ ஒரே பிடியாக நின்றாய்.

"ராஜி வேணாம்பா. நான் எடுத்தேனா இல்லையா, எனக்கு அது தெரியணும்."

நல்ல ஆள்தான் போ! கடைசியில் அலட்சியத்தால் கொடுங்காயம் என்று ஆறு மாதம் தண்டனை வாங்கிக்கொண்டாய். அப்பீல் போட்டோம். தண்டனையை நிறுத்தி வைத்தார்கள். அப்பீல் நடந்துகொண்டிருக்கும்போதே, ஒரு காலை வேளையில் காபியை ஆற்றியபடியே நீ கிளம்பிவிட்டாய். சொல்லிவிட்டுப் போகக்கூடாதா?

ஆள் போனால் அப்பீலும் போச்சு, தீர்ப்பு மட்டும் அப்படியே நிற்கும் என்றார்கள். நம் புது வக்கீல் கலா அக்காதான் புத்தகத்தைப் புரட்டிவிட்டுச் சொன்னார்: "நெருங்கின சொந்தம் முப்பது நாளுக்குள்ள மனு போட்டா, அவங்களே அப்பீல நடத்தலாம் குமுதா." பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே கையெழுத்துப் போட்டேன். "செத்தவருக்கு எதுக்குமா கேஸு?" என்று பெரியப்பா கேட்டார். "செத்தவருக்கு எதுக்குக் கெட்ட பேரு?" என்று நான் திருப்பிக் கேட்டேன். என் வாய் யாரிடமிருந்து வந்தது என்று உனக்குத் தெரியும்.

கலா அக்கா பழைய கேஸ் கட்டுகளை ஒரு காகிதம் விடாமல் படித்தார். துப்பாக்கியைச் சோதித்தவர்களின் அறிக்கையில் ஒரே ஒரு வரி. வெடித்த தோட்டாவின் பித்தளை விளிம்பில் செந்நிறத் துகள் ஒட்டியிருந்தது என்று. துருவாக இருக்கும் என்று எல்லோரும் தாண்டிப் போயிருக்கிறார்கள். அனுமதி வாங்கி, கோர்ட்டில் வைத்திருந்த அந்தத் தோட்டாவைப் போய்ப் பார்த்தோம். பிளாஸ்டிக் பைக்குள்ளே, விளிம்பின் பள்ளத்தில், காய்ந்த சந்தனம். அதன்மேல் குங்குமம்.

குழலுக்குள்ளேயே மூடிக் கிடந்த தோட்டாவுக்கு யார் நைனா பொட்டு வைக்க முடியும்? பொட்டு இருக்கிறது என்றால் அது வெளியே இருந்திருக்கிறது. வெளியே இருந்தது என்றால் நீ எடுத்திருக்கிறாய். அங்கேயே உன் பெயரைச் சொல்லிக் கத்திவிட்டேன். கான்ஸ்டபிள் முறைத்தார். முறைத்தால் முறைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

அப்படியானால் திரும்ப உள்ளே போட்டது யார்? நேராகப் பிள்ளையார்பாளையத்துக்கு, ஏகாம்பரம் மாமா வீட்டுக்குப் போனேன். "மாமா, தோட்டாவுக்குப் பொட்டு வெச்சியே, அப்புறம் அத இன்னா பண்ண?" என்று மட்டும்தான் கேட்டேன். மனிதர் தறி மேடையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எங்க வூட்ல வெறுந்தறிக்குப் பூஜ போட மாட்டோம்மா. பாவு ஏத்தி, நாடாவுல நூலு போட்டுத்தான் பொட்டு வெப்போம். உங்க நைனா துப்பாக்கி வெறுமனே கெடந்துது. சாமி முன்னால வெறும் ஆயுதம் வெக்கலாமா? மனசு கேக்கல. அவரு போடறத தெனம் பாத்துக்கினு இருக்கறவன்தானே, உள்ள போட்டுட்டேன். பூஜ முடிஞ்சதும் சொல்லலாம்னு இருந்தேன். பொரி கட்டிக் குடுக்கறதுல மறந்தே பூட்டேன்."

"இத்தினி வருஷமா ஏன் மாமா சொல்லல?"

"ஜெயிலுன்னா பயம்மா. அவரு செத்த அன்னிக்கு உங்க வாசல் வரைக்கும் வந்துட்டு, உள்ள வர மூஞ்சி இல்லாம திரும்பிட்டேன்."

திட்டினேன் நைனா. வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எந்தக் கோர்ட்டுன்னு சொல்லுமா, நான் வந்து சொல்றேன்" என்றார். யாரும் கூப்பிடாமல் தானாக வந்து, கூண்டில் ஏறி, ஒரு வார்த்தை மறைக்காமல் சொன்னார். இனி அவர்மேல் கேஸ் வருமா என்று கேட்டேன். "வரலாம், வராமலும் போகலாம்" என்றார் கலா அக்கா. "வந்தா நான் போய் வேணாம்னு சொல்றேன். கால் என்னுதுதானே?" என்றார் டேவிட் அண்ணன்.

தீர்ப்பில் ஜட்ஜ் அம்மா சொன்னதைக் கேள். தோட்டாவைக் கழற்றி இலையில் தனியாக வைத்தவர், இன்னொருவர் அதைத் திரும்பப் போடுவார் என்று எப்படி எதிர்பார்ப்பார்? மாலையை எடுக்கும் முன் துப்பாக்கியை ஒருமுறை திறந்து பார்த்திருக்கலாம், அது குறைதான். ஆனால் குறை எல்லாம் குற்றம் ஆகாது. இது விபத்து.

நீ இருந்திருந்தால் ஜட்ஜோடு சண்டைக்குப் போயிருப்பாய் என்று எனக்குத் தெரியாதா? "தொறந்து பாக்காதது என் தப்புதான்" என்று எழுந்து நின்றிருப்பாய். சட்டம் உன்னை விட்டுவிட்டது. நீ உன்னை விடுவாயா, நைனா?

எங்களுக்கு நேற்றுத் தீபாவளிதான். டேவிட் அண்ணன் மைசூர்பாகு வாங்கி வந்து, ஏகாம்பரம் மாமா வாயில் முதல் துண்டைத் திணித்தார். அவர் அழுதுகொண்டே மென்றார். முறைத்த கான்ஸ்டபிளுக்கும் இரண்டு துண்டு கொடுத்தோம். பெரியப்பா தெருவெல்லாம், "எங்க தம்பி கேஸு ஜெயிச்சிட்டோம்" என்று சொல்லிக்கொண்டு வருகிறார். கேஸை அவரே நடத்தின மாதிரி!

ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். தீர்ப்புக்கு முன்னால் கோர்ட் டவாலி வாசலில் நின்று, பழக்கத்தில் உன் பெயரை மூன்று முறை கூவினார். "முனிரத்தினம்... முனிரத்தினம்... முனிரத்தினம்..." ஆள் இல்லை என்று சொல்லக் கலா அக்கா எழுந்தார். அதற்குள் என் கை தானாக மேலே போய்விட்டது.

"இருக்காரு!"

கோர்ட்டே திரும்பிப் பார்த்தது. ஜட்ஜ் அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "யாரும்மா நீ?" என்றார்.

"அவரு பொண்ணுங்கம்மா."

"அப்ப முன்னால வந்து நில்லும்மா. உங்கிட்டதான் சொல்லணும்" என்றார். கீழ்க் கோர்ட்டில் நீ தலை குனிந்து நின்று கேட்டாய். இங்கே நான் தலை நிமிர்ந்து நின்று கேட்டேன்.

இனி எங்கே, யார் உன் பெயரைக் கூப்பிட்டாலும், கை தூக்க நான் இருக்கிறேன். நீ நிம்மதியாகத் தூங்கு, நைனா.

உனக்காக ஆஜரான உன் மகள்,
குமுதா